அந்தக் காற்றுச் சத்தம்

ஒரு பிழையைப் பழிவாங்க முடியுமா? பிழை செய்தவரைப் பழிவாங்கலாம், அதற்கு உலகத்தில் வழிகள் ஏராளம். ஆனால் பிழை ஓர் ஆளின் கைக்குள் மட்டும் தங்குவதில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கையிலும் அது இருந்தது, அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் கையிலும் இருக்கிறது. யாரைப் பிடித்து உலுக்குவது? பொது மருத்துவ வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு நர்ஸின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்ததாகத் தோன்றுகிறது. அவரிடம் இதைக் கேட்டிருந்தால் எரிச்சல்பட்டிருப்பார். யார் செய்தார்கள், எதை நம்பிச் செய்தார்கள் என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் அவருக்குப் போதும்.

வார்டில் அவருக்கு 'ஆதாரம் அக்கா' என்று பெயர். புண்ணைத் துடைக்கிற பஞ்சிலிருந்து, கட்டிலை எத்தனை முறை நிமிர்த்த வேண்டும் என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது: "இத எதுக்குச் செய்யறோம்? யார் சோதிச்சுப் பார்த்தாங்க?" கூட வேலை பார்த்த சுருட்டை முடிக்காரி, சுருட்டை என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள், சாப்பாட்டு மேசையில் கேலி செய்வாள்: "ஆதாரம் இல்லாம இங்க யாரும் தும்மாதீங்கப்பா. அக்கா பார்த்துட்டா, தும்மினா சளி போகுமான்னு ஆய்வுக் கட்டுரை கேப்பாங்க." அக்கா சிரிக்க மாட்டார். "போகாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் அவருக்கு ஓர் அம்மா இருந்தார். பள்ளிச் சீருடை தைப்பவர். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார், ஒரு ஊசியும் விழாது. அவர் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். மகள் நர்ஸாகி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வீட்டுக்கு வந்த முதல் நாள், "ஆளுக்கொரு நாடா மாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் ஊர அளக்கறோம்" என்றார்.

ஒரு காலையில் அந்த அம்மா தையல் மெஷின் மீதே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் செயலிழந்து, பேச்சு குழறி, விழுங்கும் சக்தியும் போயிற்று. மகள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். அக்கா அப்போது மேல் மாடியில் குழந்தைகள் வார்டில் இருந்தார். அம்மா படுத்திருந்த பொது வார்டு, பெரிய சிஸ்டரின் ஆட்சியில் இருந்தது.

பெரிய சிஸ்டர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். நெடுநெடுவென்று உயரம், இறங்கிய குரல். அவர் ஊசி போட்டால் வலிக்காது என்று நோயாளிகள் வரிசையில் இடம் மாற்றிக்கொள்வார்கள். கீழே வேலை பார்த்தவர்கள் அவருக்கு நடுங்கினாலும், தங்கள் வீட்டு ஆள் படுத்துவிட்டால் அவர் கையைத்தான் தேடினார்கள். அக்காவும் தேடினார். "சிஸ்டர், அம்மாவுக்கு டியூப் நீங்களே போடுங்க" என்று கேட்டுக்கொண்டது அவர்தான்.

விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிறுவரை இறக்கி, அதன் வழியாகத் திரவ உணவு கொடுப்பார்கள். தொண்டையில் இரண்டு வழிகள் பிரிகின்றன, ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. குழாய் வழி தவறினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் ஊட்டுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த முறை ஒன்றுதான். சிரிஞ்சில் காற்றை எடுத்துக் குழாய்க்குள் வேகமாகத் தள்ளுவார்கள், அதே நேரத்தில் வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். 'புஸ்' என்று கேட்டால் குழாய் வயிற்றில் இருக்கிறது என்று பொருள். பெரிய சிஸ்டருக்கு, அவருக்கு முன்னாலிருந்த தலைமை நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அது.

மதிய இடைவேளையில் அக்கா கீழே இறங்கி வந்தபோது குழாய் போட்டாகிவிட்டது. அம்மா இருமிக்கொண்டிருந்தார். பலமில்லாத, தொண்டையைத் தாண்டாத இருமல்.

"சிஸ்டர், இருமுறாங்களே."

"மூக்குல டியூப விட்டா இருமாம பாட்டா பாடுவாங்க? உங்க அம்மான்னதும் படிச்சதெல்லாம் மறந்துபோச்சா உனக்கு?" பெரிய சிஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். பிறகு தன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, அக்காவின் காதுகளில் தானே மாட்டிவிட்டார். "இந்தா, நீயே கேளு."

காற்றைத் தள்ளினார். புஸ்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, சிஸ்டர்."

உணவு இறங்கத் தொடங்கியது. மாலைக்குள் அம்மாவின் உதடுகள் நீலம் பூத்தன. எக்ஸ்ரேயில் குழாயின் நுனி வலது நுரையீரலில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நுரையீரல் அழற்சியோடு சில நாள் போராடி அம்மா இறந்தார்.

நிர்வாக அதிகாரி அறையில் விசாரணை என்று ஒன்று நடந்தது. நான்கு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை. பெரிய சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "எப்பவும் கேக்கற மாதிரிதான் கேட்டுச்சு. அவங்க மகளும் கேட்டாங்க" என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். கேட்டது உண்மைதானே. சரியாகத்தான் போட்டிருக்கிறது, நோயாளி இருமியதில் குழாய் நகர்ந்திருக்கிறது என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு யாரிடமும் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

அம்மாவை எடுத்துப் போன அன்று பெரிய சிஸ்டர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "மனசத் தேத்திக்கோ" என்று அக்காவின் தோளைத் தொட்டார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டியிருந்தது: நான் கேட்டது தப்பு. அது வரவில்லை. பெரிய சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அக்கா அதன் பிறகு வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அவருடைய கணவரைக் கேட்டால் மிகை என்று சொல்ல மாட்டார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர், எதையும் பதறாமல் யோசிப்பார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் சத்தத்த வச்சுத்தான் ரிப்பேர் பண்றேன். மோட்டார் சத்தம் மாறினா எந்தச் சக்கரம்னு சொல்லிடுவேன். அந்தம்மாவும் அப்படித்தானே நம்பியிருக்காங்க?"

"உங்க லிஃப்டுக்குப் பக்கத்துல நுரையீரல் இருக்கா?" என்றார் அக்கா.

கணவர் யோசித்தார். "இல்ல."

"அப்ப துணிய மடிங்க."

சில மாதங்களில் அக்கா பொது வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். அம்மா கடைசியாக இருந்த இடம், பாவம், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எதிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பில் சேர்ந்தார். மருத்துவமனை நூலகத்தில் ஒரு பழைய கணினி இருந்தது, விசையைத் தட்டினால் யோசித்துவிட்டு எழுத்தைக் காட்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் அவர் முதன்முதலாக அந்தச் சத்தத்தைப் பற்றிப் படித்தார்.

குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்த 'புஸ்' வயிற்றின் மேல் கேட்கும். இடையிலிருக்கிற சதையையும் சவ்வையும் சத்தம் பொருட்படுத்துவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. பல மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். குழாய் வழியாக உள்ளேயிருந்து சில துளிகள் உறிஞ்சி, அமிலம் பட்டால் நிறம் மாறுகிற காகிதப் பட்டையில் வைத்துப் பார்ப்பது மேல், சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே. இதுவும் எழுதப்பட்டிருந்தது. அக்கா கட்டுரைகளின் தேதிகளைப் பார்த்தார். அம்மா மெஷினில் சரிந்து விழுவதற்கு வெகு முன்பே அச்சாகியிருந்தன. யாருக்கும் தெரியாததால் சாகவில்லை அம்மா. தெரிந்தது அந்த வார்டின் கதவுவரை வந்து சேராததால் செத்தார். அன்று வீட்டுக்கு வந்த அக்கா, கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார் என்று கணவர் சொல்கிறார். "பேய் புடிச்ச மாதிரி இல்ல. புடிச்ச பேய்க்கு வேலை கெடச்ச மாதிரி."

அந்தப் படிப்பைப் பாராட்டத் தயக்கமாக இருக்கிறது. அவர் அறிவின் மேல் காதல் கொண்டு படிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். வெறுப்பு அவரை நேர்மையான வாசகராக்கியது. பலவீனமான ஆய்வைத் தூக்கிக்கொண்டு போனால் பெரிய சிஸ்டர் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அக்கா முதலில் தானே ஓட்டைகளைத் தேடினார். எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரை விட்டார்கள், முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு எழுதினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்தார். உண்மையை நேசிப்பவர்கள்கூட இவ்வளவு சலித்துப் பார்ப்பதில்லை.

வார்டில் புதன்கிழமைதோறும் வாசிப்புக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். போர்வை அடுக்குகிற அறையில், சாப்பாட்டுக்குப் பிறகு, வாரம் ஒரு ஆய்வு. முதலில் மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருத்தி தூங்க. பிறகு கூட்டம் சேர்ந்தது. தன் முறை வந்தபோது அக்கா ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தார். வேறொரு மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காகப் பதிவு செய்த சத்தங்கள் அதில் இருந்தன. சில வயிற்றிலிருந்த குழாய்கள், சில நுரையீரலுக்குள் தவறிப்போய் எக்ஸ்ரேயில் பிடிபட்டவை. கேட்டுவிட்டு எது எது என்று சொல்ல வேண்டும்.

"வயிறு" என்றாள் சுருட்டை.

"நுரையீரல்" என்றார் அக்கா.

"இது வயிறுதான், சத்தியமா."

"நுரையீரல்."

அன்று வந்திருந்த இரண்டு டாக்டர்களும் தோற்றார்கள். யாருடைய பதிலும் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறப்பாக இல்லை. விடையைப் பார்க்காமல் முதல் முறை கேட்டபோது தானும் தோற்றதை அக்கா சொன்னார். அறையில் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒவ்வொருவரும் தாங்கள் குழாய் போட்ட முகங்களை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கடைசி நாற்காலியில் பெரிய சிஸ்டர் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அக்கா அந்தக் கூட்டத்தையே அதற்காகத்தான் கூட்டியிருந்தார்.

"சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் சிஸ்டர்?"

"பொட்டில வர்ற சத்தத்துக்கு நான் வைத்தியம் பார்த்ததில்ல. எனக்கு எதிர்ல ஆள் வேணும். முகம் தெரியணும். வெறும் சத்தத்த வச்சு நான் என்னைக்கும் முடிவு பண்ணதில்ல."

"எங்க அம்மா முகம் தெரிஞ்சுச்சா?"

பெரிய சிஸ்டர் எழுந்து, கலைந்திருந்த ஒரு போர்வையைச் சரியாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா எழுதிக்கொடுத்ததை நிர்வாகம் ஏற்று, விதி வந்தது. இனி அந்த மருத்துவமனையில் காற்றுச் சத்தத்தை வைத்துக் குழாயைச் சரிபார்க்கக்கூடாது. முதலில் பட்டை, நிறம் மாறாவிட்டால் எக்ஸ்ரே, அதுவரை ஒரு துளியும் ஊட்டக்கூடாது. ஒவ்வொரு நர்ஸும் பயிற்சி பொம்மையின் மேல் அக்காவின் முன்னால் செய்துகாட்டித் தேற வேண்டும். பெரிய சிஸ்டரும்தான்.

பெரிய சிஸ்டர் வந்தார். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி என்று அளந்தார். பொம்மையின் தலையைத் தாங்கிய விதத்தில்கூடக் குறை சொல்ல முடியாது, ரப்பருக்கு வலித்துவிடுமோ என்பது போல இறக்கினார். பட்டையை எடுப்பதற்கு முன்னால் அவர் வலது கை தானாகக் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்புக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

"தேறலை" என்றார் அக்கா.

"நான் காத்துத் தள்ளலையே."

"கை போச்சு."

"கை போனா என்ன ம்மா? இத்தனை வருஷக் கை."

"அதனாலதான் தேறலை. மறுபடி வாங்க."

மறுபடி வந்தார். மறுபடி கை போயிற்று. மூன்றாவது முறை கை போகவில்லை, ஆனால் பார்வை போயிற்று என்று அக்கா திருப்பி அனுப்பினார். அது வெறும் வன்மம். அன்று சாப்பாட்டு மேசையில் சுருட்டைகூட கேலி செய்யாமல், "அக்கா, போதும்க்கா" என்றாள். "எது போதும்னு எங்கிட்ட ஒரு அளவு இருக்கு" என்றார் அக்கா.

நான்காவது முறை பெரிய சிஸ்டர் வெறும் கழுத்தோடு வந்தார். ஸ்டெதஸ்கோப்பை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. வார்டில் நடந்தபோது நோயாளிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் குறையும் இல்லாமல் செய்துமுடித்தார். "தேறிட்டீங்க" என்றார் அக்கா. அந்தச் சொல் வாயில் எந்த ருசியும் இல்லாமல் கிடந்தது.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணப் பகையின் கதை. பெரிய சிஸ்டர் பதிலடி கொடுத்தார், அதுவும் அக்காவின் ஆயுதத்தாலேயே. கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதே நூலகக் கணினி முன்னால் உட்கார்ந்தார். விசைகளை ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். அக்கா ஒரு நாள், அவர் ஒரு நாள். நூலகர் இருவரையும் ஒரே நேரத்தில் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை, தூங்குகிறவளுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பெரிய சிஸ்டர் எழுந்து முன்னால் வந்தார்.

"நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை குடிக்கிறவங்க வயித்துல அமிலம் குறைஞ்சு போயிடும். டியூப் சரியாவே இருந்தாலும் பட்டை நிறம் மாறாது. நம்ம வார்டுல பாதிப் பேர் அந்த மாத்திரைல இருக்காங்க. இதுவும் படிச்சதுதான், வேணும்னா காட்டறேன்." அவர் அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "நிறம் மாறலைன்னா எக்ஸ்ரே. எக்ஸ்ரே அறையில நம்மள யாரு சீக்கிரம் கூப்பிடறா? அதுவரை பட்டினி, மாத்திரையும் கிடையாது. போன வாரம் வந்த பெயின்டருக்கு வலிப்பு ஏன் வந்துச்சு? வலிப்பு மாத்திரை குடுக்க முடியாம வாசல்ல வண்டிப் படுக்கையிலயே கிடந்தாரு. ஒரு தப்ப மூடறதுக்கு இன்னொரு தப்பத் திறந்து வச்சிருக்கோம். யார் சோதிச்சுப் பார்த்தாங்க?"

கடைசிக் கேள்வியில் அக்காவின் குரலே இருந்தது. சுருட்டை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அக்காவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. கணவர் கேட்டார்: "அந்தம்மா சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்ப?"

"அதுதான் பிரச்சினை."

அடுத்த புதன்கிழமை அக்கா எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். பற்களுக்கிடையில் நூலைக் கடித்து அறுப்பது போலச் சொன்னார்: "சிஸ்டர் சொன்னது சரி. நான் யோசிக்காம விட்டது தப்பு." விதியைத் திருத்தினார்கள். குழாய் நோயாளிகளுக்கு எக்ஸ்ரே அறையில் முதல் இடம் வாங்கினார்கள். முக்கியமான மாத்திரையைக் குழாயில்லாமல் வேறு வழியில் கொடுக்க டாக்டரை உடனே கூப்பிட வேண்டும் என்று சேர்த்தார்கள். பிறகு அக்கா நின்றுகொண்டே இருந்தார். தான் கொடுத்தது போன்ற ஒரு வாக்கியம் திரும்பி வருவதற்கு இதைவிடச் சரியான இடம் அமையாது.

"நன்றி ம்மா" என்று சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கூட்டில் வைத்தார்.

அந்தப் பகை நீடித்த காலத்தில் அந்த வார்டில் நிறைய மாறியது. ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர் கிழிக்கப் பார்த்தார், கிழியாமல் நின்றதை மட்டும் வார்டு எடுத்துக்கொண்டது. படுக்கையில் அழுந்திச் சிவந்த தோலை ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது நின்றது. புண் வராமலிருக்க இடுப்புக்கடியில் வைக்கிற ரப்பர் வளையங்கள் குப்பைக்குப் போயின, அவற்றைக் கொஞ்ச நாள் காப்பாற்றப் பார்த்த பெரிய சிஸ்டர் பிறகு தானே தூக்கிப் போட்டார். நோயாளிகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்குத் தாங்கள் எதனால் பிழைத்தோம் என்று தெரியாது. வெறுப்பிலிருந்து விளைந்த நன்மைக்கு யாரைப் பாராட்டுவது என்ற கேள்வி எழலாம். அப்படியே விட்டுவிடுவது நல்லது.

பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்ற அன்று அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார். பெரிய சிஸ்டர் பேசினார். டாக்டர்களுக்கு நன்றி, கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு நன்றி, சலவைக்காரருக்கு நன்றி, தன்னை ஒரு முறைகூட நடுவில் நிறுத்திவைக்காத லிஃப்டுக்கும் நன்றி என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பேச்சு முடிந்தது. அந்த வாக்கியம் அதில் இல்லை. "இனிமே எங்க சொல்லுவாங்க?" என்று வீட்டில் கேட்டார்.

சில வருடங்கள் கழித்து, தலைமை நர்ஸாக அக்கா மதிய டியூட்டியில் இருந்தபோது அவசரப் பிரிவிலிருந்து ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூளையில் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது, விழுங்க முடியவில்லை, பேச்சு முழுவதுமாகப் போய்விட்டது. படுக்கையை மீறி நீண்டிருந்த கால்களைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஆள் தெரிந்தது.

கூட வந்தவள் பெரிய சிஸ்டரின் மகள், பேருந்து நிறுவனத்தில் கணக்கர். "நீங்கதான் அவங்களா?" என்று கேட்டாள். "அம்மா உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"என்ன சொல்லுவாங்க?"

"திட்டுவாங்க." அவள் சங்கடமாகச் சிரித்தாள். "ரிட்டயர் ஆகற வயசுல ஒருத்தி என்னைப் படிக்க வச்சுட்டாளேன்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லயே. ஏன் சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் பேச்சு திரும்புமா என்று சோதித்துப் பார்த்தார். புரிகிறது, ஆனால் சொல்வது இனிக் கடினம் என்றார். பெரிய சிஸ்டர் வாயைத் திறந்து முயன்றார், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த எழுத்தில் எந்த வாக்கியமும் தொடங்கவில்லை.

குழாய் போட வேண்டும். சுருட்டை, "அக்கா, நான் போடறேன். நீங்க வெளிய இருங்க" என்றாள். இவ்வளவு காலம் கழித்து அவளுக்கும் பயம்.

"நானே போடறேன்."

மூக்கு நுனி, காது மடல், நெஞ்சுக்குழி. அளந்து, இறக்கினார். பெரிய சிஸ்டர் இருமினார். அக்காவின் கை நின்றது. இருமல் அடங்கும்வரை காத்திருந்து, முகத்தைப் பார்த்து, மீதியை இறக்கினார். சில துளிகளை உறிஞ்சிப் பட்டையில் வைத்தார். நிறம் மாறவில்லை. நெஞ்செரிச்சல் மாத்திரை, பெரிய சிஸ்டர் வாசிப்புக் கூட்டத்தில் சொன்னது போலவே. எக்ஸ்ரே அறைக்குச் சொல்லி அனுப்பினார். குழாய் நோயாளி என்பதால் முதல் இடம். படம் வந்தது. குழாயின் நுனி வயிற்றில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டாக்டர் பார்த்துச் சரியென்றார். மகளைக் காப்பி குடித்துவிட்டு வரும்படி அக்கா அனுப்பினார்.

உணவுப் பை தயாராகத் தொங்கியது. அதை இணைப்பதற்குப் பதிலாக அக்கா ஒரு சிரிஞ்சை எடுத்துப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்தார். காற்று.

"அக்கா, என்ன பண்றீங்க?" சுருட்டையின் குரல் தாழ்ந்தது. "அதான் எக்ஸ்ரே பார்த்தாச்சே. அது கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே."

அக்கா சிரிஞ்சைக் குழாயில் பொருத்தினார். தன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். தலையணையில் சாய்ந்திருந்த நரைத்த தலையை ஒரு கையால் தூக்கி, பெரிய சிஸ்டரின் காதுகளில் அதை மாட்டிவிட்டார். மறுமுனையைப் பெரிய சிஸ்டரின் வயிற்றின் மேல் வைத்தார்.

காற்றைத் தள்ளினார்.

பெரிய சிஸ்டரின் கண்கள் அக்காவின் முகத்தில் நிலைத்தன. அவற்றில் இருந்தது என்னவென்று சுருட்டையால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. செயலோடிருந்த இடது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, வயிற்றின் மேலிருந்த அக்காவின் விரல்கள் மேல் படிந்தது. தள்ளிவிடவா, பிடித்துக்கொள்ளவா என்றும் தெரியவில்லை.

அக்கா சிரிஞ்சில் மறுபடியும் காற்றை எடுத்துத் தள்ளினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உணவுப் பையைக் குழாயில் இணைத்து, சொட்டு விழும் வேகத்தைச் சரிசெய்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று சுருட்டை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். கணவரும் கேட்டார். "உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லயா?" என்பதற்கு மேல் அக்கா எதுவும் சொன்னதில்லை.